வெள்ளையில் இருபது நிமிஷம்

இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மடியில், துப்பட்டாவுக்கு அடியில், செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருபது நிமிஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே பல்பு வெள்ளையாகத்தான் இருக்கிறது. இருபது முடிந்ததும் அது ஆரஞ்சுக்கு மாற வேண்டும். வெள்ளை என்றால் கணக்குப் போட வேண்டும், ஆரஞ்சு என்றால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அதுதான் இந்த அறையின் சட்டம், ஆறு மாதமாக நான் ஒருநாளும் மீறாத சட்டம். மாறவில்லை. வைஃபை மெதுவாக இருக்கலாம். அல்லது பல்பு வெள்ளையாவதற்கு முன்பே நான் செல்போனில் விரலை வைத்திருக்கலாம், பதற்றத்தில். பதற்றத்தில் நான் எதையும் முன்னதாகவே செய்துவிடுவேன், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே எழுந்து பஸ் படிக்கட்டுக்கு வந்து நிற்பது மாதிரி. இன்னும் அரை நிமிஷம் பார்க்கலாம். ஒருவர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் அரை நிமிஷமாவது கொடுப்பதுதான் நியாயம். அதுவும் இந்த வாடகை வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் கோகிலா அக்கா மேல். கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் அவள் யாருடனோ ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறாள், ஆங்கிலத்தில், நடுநடுவே சிரித்து. என் முன்னால் தாளில் முப்பத்தைந்து கேள்விகள். இருபது நிமிஷம் ஆனபோது இருபத்தாறை முடித்திருந்தேன். அடுத்த கேள்வியில் ஏ என்பவர் ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பார், பி பதினைந்து நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள், நான்கு நாள் கழித்து ஏ போய்விடுகிறார். எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. மீதி வேலையை பி எத்தனை நாளில் முடிப்பார் என்றுதான் கேட்கிறார்கள். ஒன்பது கேள்வி மீதி. காலையிலும் ஒன்பதுதான்.

காலையில் காந்திபுரத்தில் பயிற்சி மையத்துக் கம்ப்யூட்டர் கூடத்தில் மாதிரித் தேர்வு. வங்கி எழுத்தர் தேர்வு எப்படி நடக்குமோ அப்படியே, ஒரு பகுதிக்கு இருபது நிமிஷம், முடிந்ததும் திரை தானாகவே மூடிக்கொள்ளும், யாரையும் கெஞ்ச முடியாது. கணக்குப் பகுதி மூடிக்கொண்டபோது ஒன்பது கேள்விகள் உள்ளேயே இருந்தன. நான் கையைத் தூக்கி என் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அங்கிருந்த சார் வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஆமாம்மா, உனக்கு மட்டும் கடிகாரம் சீக்கிரமா ஓடியிருக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் நான் முப்பத்தைந்தையும் முடிப்பவள். வெள்ளை ஆரஞ்சாவதற்குள் முடித்து, விடைகளைத் திரும்ப ஒருமுறை பார்க்கவும் நேரம் வைத்திருப்பவள். பதற்றம், வேறொன்றுமில்லை, புது இடம், குளிரூட்டி, பக்கத்தில் ஒருவன் மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பிலிருந்து முகத்தை எடுக்காமல், அங்க இருபது நிமிஷந்தானே புள்ள, மொதல்ல அப்படித்தான் இருக்கும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். முகத்தில் தண்ணீர் இருக்கும்போதுதான் அது உறைத்தது. அங்கே இருபது நிமிஷந்தானே. இங்கே எவ்வளவு?

கேட்டிருக்கலாம். துண்டோடு வந்து நேராகவே கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் செல்போனைத் துப்பட்டாவில் மறைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தேன், அதுவே ஒரு சட்டமீறல், வெள்ளையில் செல்போன் அரிசி டப்பாவுக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்தை அவள்தான் இறக்கினாள். இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில் இந்தச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் கணக்குப் போட மாட்டேன், கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். ஒரு கேள்வி, ஒரு பார்வை, ஒரு கேள்வி, ஒரு பார்வை, பிறகு பார்வை மட்டும். முள் நகர்வது வயிற்றுக்குள் நகர்வது மாதிரி இருக்கும். கல்லூரியிலேயே அப்படித்தான். அக்கா ஒருநாள் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றிப் பரணில் போட்டாள். ஜன்னலுக்குக் கனமான திரை மாட்டினாள், வெயில் நகர்வதைக்கூட நான் பார்க்கக் கூடாது என்று. ஆயுத பூஜைத் தள்ளுபடியில் இந்த பல்பை வாங்கி வந்து மாட்டி, தன் செல்போனோடு இணைத்து, வெள்ளை இருபது, ஆரஞ்சு பத்து என்று வைத்தாள். அவள் சாப்ட்வேர் டெஸ்டர், எதையும் மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பாள். சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்பு செல்போன் சொல்வதைக் கேட்காது என்று சுவிட்சின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினாள். பிறகு என் தோளில் கையை வைத்து, நேரத்தை இனி நீ பாக்காத, அத நான் பாத்துக்கறேன் என்றாள். இருபத்து மூன்று வயதில் அப்படி ஒருத்தி சொல்லக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் எனக்காக எதையும் பார்த்துக்கொண்டதில்லை, பாவம், அவர்களுக்குத் தெரியாது. கல்லூரிச் சேர்க்கைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும் என்றபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் சாத்தூர் தாலுகா ஆபீசுக்கு வந்து, எந்த வரிசை என்று தெரியாமல், நீயே கேளு மாரி, நீதான படிச்சவ என்று என் பின்னால் நின்றார். அன்றிலிருந்து எல்லா வரிசையிலும் நான்தான் முன்னால். அப்படிப்பட்டவளிடம் ஒருத்தி நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். நான் எதையுமே சரிபார்க்கவில்லை. வேலையில் ஒவ்வொரு பில்லையும் இரண்டு முறை பார்த்தவள், இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. வைஃபை இவ்வளவு மெதுவாகவா இருக்கும்? பல்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது, கண்ணை மூடினால் அதே இடத்தில் பச்சையாக ஒன்று. அப்பாவின் சீரியல் லைட்டுகள் மாதிரி. அப்பா மைக் செட் வேலைக்குப் போகிறவர், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தெரு நெடுக சீரியல் பல்பு கட்டுவார். சின்ன வயதில் அந்த வெளிச்சம் ஓடுகிறது என்று நினைத்து அதன் பின்னாலேயே தெருக்கோடி வரை ஓடியிருக்கிறேன். ஒருநாள் தெருக்கோடியில், எங்கப்பா போச்சு அது என்று கேட்டேன். அப்பா ஏணியில் நின்றபடி சிரித்தார். ஒண்ணும் ஓடல மாரி, ஒவ்வொண்ணும் இருந்த எடத்துலயே எரிஞ்சு எரிஞ்சு அணையுது, ஒனக்குத்தான் ஓடுற மாதிரி தெரியுது. அன்றைக்கு நான் ஏமாந்ததாக நினைக்கவில்லை. ஓடிய கால் என்னுடையது, ஓட்டம் நிஜம். இப்போது அப்படிச் சொல்ல முடியுமா? நான் போட்ட கணக்குகள் நிஜம். வேகம்தான் என்னுடையது இல்லை. நான் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறேன்.

இல்லை, இரு. மொத்த நேரம் இடித்திருக்குமே. வெள்ளை நீண்டிருந்தால் வெளியே வரும்போது மணி தப்பியிருக்கும், நான்கு வெள்ளை, நான்கு ஆரஞ்சு, இரண்டு மணி நேரம். முடிந்து ஹாலுக்கு வந்து பார்த்தால் எப்போதும் சரியாகவே இருந்தது. ஆக அக்கா எதுவும் செய்யவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வருகிறது, வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது, டீ. ஆரம்பத்தில் ஆரஞ்சு வந்ததும் டீ போட்டு, அதை ஆற்றிக் குடித்து, பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தும் வைப்பேன். அப்புறம் அப்புறம் டம்ளர் சூடாக இருக்கும்போதே வெள்ளை வந்துவிட்டது. அறைக்குள் டம்ளரை எடுத்து வரக் கூடாது என்பதால் சமையல் மேடையிலேயே பாதி டீ ஆடை கட்டிக் கிடக்கும். நான் மந்தமாகிவிட்டேன் என்று நினைத்தேன். படிக்கும்போது சுறுசுறுப்பாகவும் மற்ற நேரம் மந்தமாகவும் ஆகிவிட்டேன், மூளைக்கு எல்லாம் போய்விடுகிறது போல என்று அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். போன் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வந்துவிட்டதென்று வைக்கப் போனால் அம்மா, ஏத்தா, அந்த லைட்டு சொன்னாத்தான் ஒண்ணுக்குப் போவியா நீயி என்பாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வாடகை விஷயமாக வந்தபோது நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு, ஏனுங்க கண்ணு, ஊட்டுக்குள்ளயே சிக்னல் வெச்சுக்கிட்டீங்களா என்று கேட்டார். அக்கா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஆரஞ்சிலிருந்து எடுத்து வெள்ளையில் போட்டிருக்கிறாள். என் ஓய்விலிருந்து எடுத்து என் கெட்டிக்காரத்தனத்தில் போட்டிருக்கிறாள். கூட்டினால் சரியாக வரும். அவள் டெஸ்டர், கூட்டினால் சரியாக வரும்படிதான் செய்வாள்.

அப்படியென்றால் அந்த நாள். முதல்முறை முப்பத்தைந்தையும் முடித்த நாள். கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, முடிச்சிட்டேன்க்கா என்று கத்தினேன், வாழ்க்கையில் நான் கத்திய சில தடவைகளில் ஒன்று. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் சரவணம்பட்டி ரோட்டோரக் கடையில் காளான் மசாலா வாங்கிக் கொடுத்தாள், வெங்காயம் கூடப் போடச் சொல்லி, கடைக்காரரிடம், இவ இனி பேங்க் மேனேஜராக்கும், நாலு ஸ்பூன் போடுங்கண்ணா என்றாள். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை இப்போது திரும்பக் கொண்டுவந்து பார்க்கிறேன், ஏதாவது இருந்ததா, ஒரு சின்ன நெளிவு, ஒரு பார்வை விலகல். ஒன்றும் இல்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். அதுதான் தாங்கவில்லை. பொய்யாக நடித்திருந்தால் அந்தக் காளானை இப்போது துப்பிவிடலாம். வேலை செய்த இடத்தில் டீம் லீடர், முத்துமாரி ஒரு பில்லுக்குப் பொங்கல் வெச்சு சாமி கும்பிட்டுத்தான் அனுப்புவா என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்பும் வேலை. நான் தப்பே விடமாட்டேன், ஆனால் மெது. மெது என்பது என் பெயரோடு சேர்ந்தே வரும். அந்த மெதுவைத்தான் இந்த அறையில் தோற்கடித்துவிட்டதாக நினைத்தேன். போன மாதக் கடைசியில் அக்காவிடம், வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்கட்டுமா, இந்த ஒரு தேர்வை முழுசாக எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சப்பாத்தியை அதிக நேரம் தேய்த்தாள், ஓரம் கிழிந்துவிட்டது. பிறகு, நீதான் முடிச்சர்றியே புள்ள, என்ன பயம் என்றாள். நான் வேலையை விட்டேன். அப்பா மைக் செட் முதலாளியிடம், மக பேங்க்கில சேரப் போறா, இந்த வருசத்தோட ஏணிய விட்டு எறங்கிருவேன் என்று சொல்லிவிட்டார். தேர்வுக்கு இன்னும் பத்து நாள். அந்தச் சப்பாத்தி. அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சப்பாத்தி வட்டமாவதற்குள் சொல்லியிருக்கலாம்.

இருபத்தைந்து. நான் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். கை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பி மீதி வேலையை ஆறு நாளில் முடித்துவிட்டார், படகு எதிர்நீச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்பிவிட்டன. மேலே வெளிச்சம் இருக்கிறது, அதனால் கை போகிறது, மாடு மாதிரி. நிறுத்து என்று சொன்னாலும் நிற்க மாட்டேன் என்கிறது. ஹாலில் மீட்டிங் முடிந்துவிட்டது, நாற்காலி நகரும் சத்தம். அவள் இப்போது என்ன செய்கிறாள்? செல்போனை எடுத்து எனக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிறாளா? ஒவ்வொரு நாளும் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என் கையைப் பிடித்துத்தான் என்னை எழுதவிட்டிருக்கிறாளா? கணக்குத் தெரியாத குழந்தைக்கு விரலை மடக்கிக் காட்டுவது மாதிரி. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. பேனாவை வைக்கிறேன். மடியில் இருபத்தேழு. அறை ஆரஞ்சாகிறது, என் கை, தாள், சுவர் எல்லாம் சாயங்கால நிறத்தில், எவ்வளவு அழகாக, எவ்வளவு சரியாக. கதவுக்கு வெளியிலிருந்து எப்போதும் வரும் குரல் வருகிறது, முடிச்சிட்டியா புள்ள?

நான் கதவைத் திறந்தேன். செல்போனை மறைக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த எண்கள் அவள் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள், என் தலைக்கு மேலே பல்பைப் பார்த்தாள். சண்டை போடுவேன் என்று நினைத்தேன், குரலே சின்னதாகத்தான் வந்தது.

“எப்ப இருந்துக்கா?”

“பொங்கல் லீவு முடிஞ்சு வந்தியே, அப்போ இருந்து.” மீதியை அவளாகவே சொன்னாள். “தெனமும் அழுதுட்டே தூங்குன. ஒருக்கா முடிச்சுப் பாத்தா தைரியம் வருமேன்னு ரெண்டு நிமிஷம் ஏத்துனேன். பத்தல. அப்புறம் இன்னும் கொஞ்சம். நீ முடிச்சுட்டு வந்து சிரிச்ச பாரு, அதுக்கப்புறம் எறக்க மனசு வரல.”

“வேலைய விடட்டுமான்னு கேட்டனே. அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?”

அவள் பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். “இருபத்தேழு” என்றாள். தானாகவே வேகம் வந்துவிடும் என்று நம்பியதாகவும், வாரம் ஒரு நிமிஷமாகக் குறைத்துக்கொண்டே வரலாம் என்று இருந்ததாகவும், ஒருமுறை குறைத்தும் பார்த்ததாகவும், அன்று நான் இரண்டு கேள்வி விட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்ததாகவும் சொன்னாள். எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருந்தேன். இப்பவே இருபதுக்கு மாத்திடறேன் என்று அவள் செல்போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன்.

“நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களேக்கா.”

நான் திரும்பி வந்து சுவிட்சின் மேலிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் நெம்பினேன். ஆறு மாதத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, பிசின் இழுபட்டு இழுபட்டு வந்தது, கொஞ்சம் சுண்ணாம்பும் கூட வந்தது. சுவிட்சை அணைத்தேன். அவள் கையிலிருந்த செல்போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது, பல்பைக் காணோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள், வெள்ளையில் எப்போதும் சாத்துவது மாதிரியே.

ஜன்னல் திரையை விலக்கினேன். பகல் இன்னும் இருந்தது, எதிர் மொட்டை மாடியில் யாருடைய போர்வையோ காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு வெளிச்சத்தை வெளியில் வைத்துக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். புதுத் தாளை எடுத்தேன், இதுவும் முப்பத்தைந்து. செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓட்டத்தைத் தொடங்கிக் குப்புற வைத்தேன். அலாரம் வைக்கவில்லை. இருபது நிமிஷம் எவ்வளவு என்று எனக்கே தெரிய வேண்டும், யாரும் சொல்லாமல், எதுவும் நிறம் மாறாமல், பத்து நாளில் தேர்வில் அந்தக் கம்ப்யூட்டர் திரை மூடிக்கொள்ளப் போவது எனக்கு உள்ளேயே கொஞ்சம் முன்னால் தெரிய வேண்டும். போட்டேன். வட்டி, விகிதம், ஒரு ரயில், ஒரு பாலம். கோபம் இருந்ததால் வேகமாகப் போவதாகத் தோன்றியது, கோபத்துக்கு இது ஒன்றாவது பயன்படட்டும் என்று நினைத்தேன். வெளியில் யாரோ போர்வையை உதறும் சத்தம், ஹாலில் எந்தச் சத்தமும் இல்லை, அவள் அழுகிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது, வரவிடாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். கடைசிக் கேள்வியின் கடைசிக் கோட்டைப் போட்டபோது உடம்புக்குள் ஒன்று நெகிழ்ந்தது, ஆரஞ்சு வரப்போகும்போது நெகிழுமே, அதே மாதிரி, தோள் இறங்கியது, விரல்கள் தானாக விட்டுக்கொடுத்தன. இதுதான் இருபது. நிச்சயமாக இதுதான். முப்பத்தைந்தும் முடிந்திருந்தது. ஒரு நொடி பழைய சந்தோஷம் முழுசாக வந்து நின்றது, நெஞ்சு நிறைய, கதவைத் திறந்து சொல்லிவிடலாம் போல. செல்போனைத் திருப்பினேன்.

இருபத்தேழு.

மேலே பல்பு அணைந்துதான் இருந்தது.